அசையாத உடலுக்குள் விழித்திருக்கும் மனம்: பிரக்ஞையை அளக்க முயலும் மூளை அறிவியல்

தலையில் பலத்த அடிபட்டு வாரக்கணக்கில் கோமாவில் கிடந்த ஒருவர் ஒரு நாள் கண்ணைத் திறக்கிறார். அதன்பின் பகலில் விழித்திருக்கிறார், இரவில் உறங்குகிறார், தானாக மூச்சு விடுகிறார், கொட்டாவி விடுகிறார், சில வேளைகளில் முனகவும் செய்கிறார். ஆனால் பெயர் சொல்லி அழைத்தால் பார்வை திரும்புவதில்லை. விரலைப் பிடிக்கச் சொன்னால் பிடிப்பதில்லை. 'கண் திறந்துவிட்டார், நினைவுதான் இன்னும் வரவில்லை' என்று வீட்டார் கவலையோடு சொல்லும் இந்த நிலையை 1972-ஆம் ஆண்டு லான்செட் இதழில் பிரையன் ஜென்னட், ஃபிரெட் பிளம் ஆகிய இரு மருத்துவர்கள் தனி நோய்நிலையாக வரையறுத்தனர். 'தாவர நிலை' என்று தமிழ் ஊடகங்களில் வழங்கும் நிலை இதுதான். மூளைத்தண்டு பிழைத்துக்கொண்டது, ஆகவே விழிப்பும் மூச்சும் உண்டு. பெருமூளை செயலிழந்துவிட்டது, ஆகவே உள்ளே உணர்பவர் எவரும் இல்லை என்பதே அன்றைய புரிதல்.

அந்தப் புரிதலின் இரண்டாம் பாதி ஒரு பகுதி நோயாளிகளைப் பொறுத்தவரை தவறானது என்பது கடந்த இருபது ஆண்டுகளில் உறுதிப்பட்டிருக்கிறது. மனிதப் பிரக்ஞையைப் பற்றிய அறிவியல் ஆய்வுகளில் தத்துவ விவாதங்களே பெரும்பாலும் பொதுவெளியில் பேசப்படுகின்றன. ஆனால் அந்தத் துறையின் மிக முக்கியமான கண்டுபிடிப்பு தீவிர சிகிச்சைப் பிரிவின் படுக்கையருகே நிகழ்ந்தது என்பது என் துணிபு. பதில் சொல்லும் திறனும் உணரும் திறனும் வெவ்வேறானவை, முன்னது அடியோடு அற்றுப்போன பிறகும் பின்னது நிலைத்திருக்கக்கூடும் என்பதே அந்தக் கண்டுபிடிப்பு.

அதற்கான முதல் வலுவான சான்று 2006 செப்டம்பரில் சயின்ஸ் இதழில் வெளியானது. கேம்பிரிட்ஜில் பணியாற்றிய ஏட்ரியன் ஓவனும் அவரது குழுவினரும், சாலை விபத்தில் மூளை சிதைந்து ஐந்து மாதங்களாக எந்தக் கட்டளைக்கும் இணங்காதிருந்த 23 வயதுப் பெண் ஒருவரை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்து, மூளையின் எப்பகுதிக்கு இரத்த ஓட்டம் கூடுகிறது என்பதை நேரலையாகப் பதிவுசெய்தனர். டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யும்படி ஒருமுறையும், தன் வீட்டின் அறைகளுக்குள் ஒவ்வொன்றாக நடந்து செல்வதாகக் கற்பனை செய்யும்படி மறுமுறையும் அவரிடம் சொல்லப்பட்டது. முதல் கட்டளைக்கு, உடல் அசைவுகளைத் திட்டமிடும் துணை இயக்கப் பகுதி செயல்பட்டது. இரண்டாவது கட்டளைக்கு, இடங்களை நினைவில் வைத்து வழி அறிய உதவும் ஹிப்போகேம்பஸைச் சுற்றிய பகுதி செயல்பட்டது. நலமுள்ளவர்களின் மூளையில் அதே கற்பனைகள் எழுப்பிய செயல்பாட்டிலிருந்து அந்தப் பதிவுகளை வேறுபடுத்திக் காண முடியவில்லை.

இதற்கு எழுந்த மறுப்பு நியாயமானதே. உறங்குபவரின் மூளைகூடத் தன் பெயரைக் கேட்டால் வேறுபட்ட மறுவினை காட்டும். அதுபோல 'டென்னிஸ்' என்ற சொல்லே, கேட்பவரின் விருப்பம் எதுவுமின்றி, அசைவுக்குரிய பகுதியைத் தானாகத் தூண்டியிருக்கலாம் அல்லவா என்று சிலர் கேட்டனர். சொல்லினால் தானாக எழும் மறுவினை சில நொடிகளில் அடங்கிவிடும். இந்தப் பெண்ணின் மூளையிலோ 'ஓய்வெடுங்கள்' என்று சொல்லும்வரை 30 நொடிகள் அந்தச் செயல்பாடு நீடித்தது, ஒவ்வொரு முறையும் அது திரும்ப நிகழ்ந்தது என்பது ஓவன் தரப்பின் விடை. கட்டளையைக் கேட்பது, புரிந்துகொள்வது, அதை மனத்தில் இருத்துவது, அரை நிமிடம் கவனம் சிதறாமல் நிறைவேற்றுவது ஆகிய அனைத்தையும் பிரக்ஞையின்றி ஒரு மூளை செய்யுமென்றால், நலமாக நடமாடுபவர்களுக்குப் பிரக்ஞை இருக்கிறது என்று நாம் எந்த அடிப்படையில் நம்புகிறோம் என்ற கேள்விக்கு விடையே இராது.

2010-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்த அடுத்த ஆய்வு, கேம்பிரிட்ஜையும் பெல்ஜியத்தின் லியேஜ் நகரையும் சேர்ந்த 54 நோயாளிகளை இதே முறையில் சோதித்தது. ஐவர் தம் மூளைச் செயல்பாட்டைக் கட்டளைக்கேற்ப மாற்றிக் காட்டினர். அவர்களுள் ஒருவரிடம், 'ஆம்' என்றால் டென்னிஸையும் 'இல்லை' என்றால் வீட்டையும் நினைக்கும்படி சொல்லி, தந்தையின் பெயர் போன்ற எளிய கேள்விகள் ஆறு கேட்கப்பட்டன. ஐந்துக்குச் சரியான விடை கிடைத்தது. ஆறாவதற்கு அவர் மூளையில் விடைக்குரிய செயல்பாடு எதுவும் தென்படவில்லை. விபத்து நடந்து ஐந்து ஆண்டுகளாக ஒரு சைகைகூடக் காட்டாதிருந்த ஒரு மனிதர், வெளியுலகோடு முதன்முறையாக உரையாடியது இப்படித்தான்.

அவ்வளவு தெளிவாக நினைக்க முடிந்தவரால் ஒரு விரலை ஏன் அசைக்க முடியவில்லை? கட்டளையைப் புரிந்துகொள்ளும் பெருமூளைப் புறணி, அதாவது பெருமூளையின் வெளிப்படலம், ஓரளவு தப்பித்திருக்கலாம். ஆனால் அசைவைத் தொடங்கிவைக்க, மூளையின் நடுவிலுள்ள தாலமஸ் என்னும் பகுதியையும் இயக்கப் புறணியையும் இணைக்கும் நரம்பிழைகள் அறுந்திருக்கலாம். வெளியே தெரியாத பிரக்ஞை கொண்ட ஒரு நோயாளியின் மூளையில் சரியாக இந்த இணைப்பே சேதமுற்றிருந்ததை ஓவனின் குழு 2015-இல் காட்டியது. விபத்தில் தலை வேகமாகத் திரும்பி நிற்கும்போது மூளைக்குள் நீண்ட நரம்பிழைகள் இழுபட்டுக் கிழிகின்றன. ஆகவே மூளையின் பகுதிகள் தனித்தனியே உயிரோடிருந்தும் அவற்றுக்கிடையிலான தொடர்பு அற்றுப்போவது இத்தகைய காயங்களில் வழக்கமானது.

பிரக்ஞை மூளையின் எல்லாப் பகுதிகளையும் ஒரே அளவில் சார்ந்திருக்கவில்லை என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். மூளைத்தண்டின் வலைப்பின்னல் பகுதியைத் தூண்டினால் பூனையின் மூளை உறக்க அலைகளிலிருந்து விழிப்பு அலைகளுக்கு மாறுகிறது என்று ஜூசெப்பே மொருஸியும் ஹோரஸ் மெகூனும் 1949-இல் கண்டறிந்தனர். விழிப்பை ஏற்றியிறக்கும் அமைப்பு அது. உணர்வின் உள்ளடக்கமோ பெருமூளைப் புறணியையும் தாலமஸையும் சார்ந்தது. மனித மூளையின் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்களில் ஐந்தில் நான்கு பங்கு சிறுமூளையில் இருக்கின்றன. ஆனால் சிறுமூளை பெரிதும் சேதமுற்றவர்களும், பிறவியிலேயே அது இல்லாதவர்களும் நடையிலும் பேச்சிலும் தடுமாறுகிறார்களே தவிர, பிரக்ஞையை இழப்பதில்லை. நரம்பணுக்களின் எண்ணிக்கையைவிட அவை ஒன்றோடொன்று பேசும் விதமே பிரக்ஞையைத் தீர்மானிக்கிறது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுவதற்கு இது வலுவான காரணம்.

எம்.ஆர்.ஐ. சோதனைக்குச் செலவு அதிகம்; செயற்கை சுவாசத்தில் இருப்பவரை அந்த அறைக்குக் கொண்டுசெல்வதே ஆபத்தானது. ஆகவே மண்டையோட்டின் மேல் மின்முனைகளைப் பொருத்தி மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி. பக்கம் ஆய்வு திரும்பியது. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் யான் கிளாசென் தலைமையிலான குழு, கட்டளைக்கு இணங்காத 104 நோயாளிகளிடம் கையைத் திறந்து மூடச் சொல்லிக்கொண்டே அவர்களின் மின்னலைகளைக் கணினியால் பகுத்தாய்ந்து, 16 பேரின் மூளை அந்தக் கட்டளையைப் பின்பற்ற முயல்வதை 2019-இல் வெளியிட்டது. இது மூளை காயமுற்ற சில நாட்களுக்குள் எடுத்த பதிவு. ஓராண்டுக்குப் பின் இந்தப் பிரிவினரில் 44 சதவீதத்தினர், நாளொன்றுக்கு எட்டு மணி நேரமாவது பிறர் உதவியின்றி இருக்கும் அளவுக்குத் தேறியிருந்தனர். மற்றவர்களில் அப்படித் தேறியவர்கள் 14 சதவீதம். உயிர்காக்கும் சிகிச்சையைத் தொடர்வதா நிறுத்துவதா என்ற முடிவு பல மருத்துவமனைகளில் இதே முதல் சில நாட்களில்தான் எடுக்கப்படுகிறது என்பதோடு சேர்த்துப் பார்த்தால், இந்த வேறுபாடு எவ்வளவு கனமானது என்பது விளங்கும்.

2024 ஆகஸ்டில் ஆறு மையங்கள் இணைந்து வெளியிட்ட ஆய்வு அதுவரை நடந்தவற்றுள் பெரியது. படுக்கையருகே எந்தக் கட்டளைக்கும் இணங்காத 241 பேரில் 60 பேர், அதாவது நால்வரில் ஒருவர், எம்.ஆர்.ஐ. அல்லது இ.இ.ஜி. சோதனையில் கட்டளையைப் பின்பற்றினர். செய்திகளில் இந்த எண்ணே பெரிதாக வந்தது. அதே ஆய்வின் மற்றோர் எண் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. கட்டளைக்கு உடலாலேயே இணங்கக்கூடிய, ஐயமின்றிப் பிரக்ஞையுள்ள 112 பேரையும் அதே கருவிகளால் சோதித்தபோது, 43 பேரிடம் மட்டுமே, அதாவது 38 சதவீதத்தினரிடம் மட்டுமே, மூளை கட்டளையைப் பின்பற்றுவது தென்பட்டது. காயமுற்ற மூளைக்கு அரை நிமிடம் கவனத்தை நிறுத்துவதே கடினம். காது கேளாமலிருக்கலாம், மொழி புரியும் பகுதி சிதைந்திருக்கலாம், சோதனை நேரத்தில் அவர் அயர்ந்திருக்கலாம். ஆகவே இந்தச் சோதனையில் விடை கிடைத்தால் அது உறுதியான செய்தி. விடை கிடைக்காவிட்டால் அதிலிருந்து எந்த முடிவுக்கும் வர இயலாது.

கருவிகள் இல்லாத நிலையிலும் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டதால் நேர்ந்த பிழைகள் பல. 1974-இல் வகுக்கப்பட்டு இன்று உலகெங்கும் பயன்படும் கிளாஸ்கோ கோமா அளவுகோல், கண் திறப்பு, பேச்சு, அசைவு ஆகிய மூன்றுக்கு மதிப்பெண் இட்டு 3 முதல் 15 வரை நோயாளியை நிறுத்துகிறது. அவசர நேரத்தில் அதற்கு ஈடில்லை. நாட்பட்ட நிலையை ஆராய அது போதாது. பெல்ஜியத்தில் 2009-இல் வெளியான ஆய்வில், மருத்துவக் குழுவின் பொதுக் கருத்துப்படி பிரக்ஞையற்றவர் என்று குறிக்கப்பட்ட 44 பேரை, கோமா மீட்சிக்கென வகுத்த விரிவான அளவுகோலால் மறுபடி சோதித்தபோது, 18 பேரிடம் பிரக்ஞையின் குறிகள் காணப்பட்டன. அந்தக் குறிகள் மிக நுட்பமானவை, வந்து வந்து போகக்கூடியவை. முகத்துக்கு முன் ஒரு கண்ணாடியை மெல்ல நகர்த்தினால், பேனாவையோ விரலையோ பின்தொடராத கண்கள் தன் முகத்தின் பிம்பத்தைப் பின்தொடர்வது உண்டு. ஒரே நாள் சோதித்து முடிவுகட்டாமல், இரண்டு வாரத்துக்குள் ஐந்து முறையாவது சோதிக்க வேண்டும் என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. கண்ணாடிக்கும் பொறுமைக்கும் பெரிய செலவில்லை. எந்த மாவட்ட மருத்துவமனையிலும் இது முடியும்.

கட்டளையைப் பின்பற்றுவது என்பதே ஒரு வகைப் பதில்தான். காது, மொழி, கவனம் எதையும் நம்பாமல் மூளையிடமே நேரடியாகக் கேட்க வழியுண்டா என்ற கேள்விக்கு, மார்செல்லோ மஸ்ஸிமினி, ஜூலியோ டொனோனி ஆகியோரின் ஆய்வு ஒரு விடை தருகிறது. காந்தத் துடிப்பு ஒன்றைத் தலைக்கு வெளியிலிருந்து செலுத்திப் புறணியின் ஒரு புள்ளியைத் தட்டிவிட்டு, அந்த அதிர்வு எப்படிப் பரவுகிறது என்பதை இ.இ.ஜி. மூலம் பார்ப்பது அவர்களது முறை. விழித்திருப்பவரின் மூளையில் அந்த அதிர்வு தொலைவிலுள்ள பகுதிகளுக்கு மாறி மாறிச் சென்று சிக்கலான கோலமிடுகிறது. கனவற்ற ஆழ்ந்த உறக்கத்திலோ தட்டிய இடத்திலேயே எழுந்து அடங்கிவிடுகிறது. 2005-இல் கண்ட இந்த வேறுபாட்டை 2013-இல் ஓர் எண்ணாக மாற்றினர்: கணினியில் கோப்பைச் சுருக்கும் அதே கணிதத்தால் அந்தக் கோலத்தின் சிக்கலை 0 முதல் 1 வரை அளந்தனர். பின்னர் 150 பேரிடம் ஒப்பிட்டு 0.31 என்ற எல்லையை வகுத்தனர். பிரக்ஞை இருந்ததாக வேறு வழியில் தெரிந்த நிலைகள் அதற்கு மேலும், பிரக்ஞையற்ற நிலைகள் அதற்குக் கீழும் அமைந்தன.

இந்த அளவீட்டின் வலிமை மயக்க மருந்துகளில் தெளிவாகத் தெரிந்தது. புரொபோஃபோல், செனான், கெட்டமின் ஆகிய மூன்றும் மனிதரை ஒரே விதமாக அசைவற்றவராக்குகின்றன. புரொபோஃபோலிலும் செனானிலும் எண் வீழ்ந்தது, கெட்டமினில் வீழவில்லை. கெட்டமினிலிருந்து மீண்டவர்கள் நீண்ட, தெளிவான கனவுகளைக் கண்டதாகச் சொன்னார்கள்; மற்ற இரண்டிலிருந்து மீண்டவர்களிடம் அப்படிச் சொல்ல எதுவுமில்லை. வெளியிலிருந்து பார்த்த மருத்துவருக்கு மூவரும் ஒன்றே. இதே அளவீட்டைப் பதில்வினையற்ற விழிப்பு நிலையில் (தாவர நிலைக்கு இன்று வழங்கும் பெயர்) இருந்த 43 பேரிடம் 2016-இல் பயன்படுத்தியபோது, ஒன்பது பேரின் மூளை பிரக்ஞையுள்ளவர்களுக்கு நிகரான சிக்கலைக் காட்டியது.

அறுவை சிகிச்சை அறையிலும் இதே பிளவு உண்டு. தசைகளைத் தளர்த்தும் மருந்து பரவுவதற்குமுன் ஒரு முன்கையை மட்டும் இறுக்குப்பட்டையால் கட்டிவிட்டால், மயக்கத்தில் இருப்பவரால் அந்தக் கையை மட்டும் அசைக்க முடியும். 2017-இல் பல நாடுகளில் 260 பேரிடம் இம்முறையில் 'கேட்கிறதென்றால் கையை அழுத்துங்கள்' என்று சொன்னபோது 12 பேர் அழுத்தினர். இப்படி அழுத்துபவர்களில் பெரும்பாலோருக்கு விழித்த பிறகு அதைப் பற்றிய நினைவே இருப்பதில்லை. நினைவில் பதியாததால் அந்த அனுபவம் நிகழவில்லை என்று சொல்லிவிட முடியாது.

பிரக்ஞையைப் பற்றிய பெரிய கோட்பாடுகள் இடறுவதும் இதே இடத்தில்தான். மூளையின் பின்பகுதியில் தகவல்கள் பிரிக்கவியலாதபடி ஒருங்கிணைவதே அனுபவம் என்கிறது டொனோனியின் கோட்பாடு. ஒரு தகவல் முன்பகுதியின் துணையோடு மூளை முழுவதற்கும் ஒலிபரப்பாகும்போதே அது பிரக்ஞைக்கு வருகிறது என்கிறது பெர்னார்ட் பார்ஸ் தொடங்கி ஸ்டானிஸ்லாஸ் டெஹேன் வளர்த்த கோட்பாடு. இரண்டையும் எதிரெதிரே நிறுத்தி, முடிவுகளை எப்படிப் பொருள்கொள்வது என்று இரு தரப்பும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, 256 பேரிடம் நடத்திய சோதனை 2025 ஏப்ரலில் நேச்சர் இதழில் வெளியானது. பின்பகுதியில் எதிர்பார்த்த நீடித்த ஒத்திசைவு கிடைக்கவில்லை. காட்சி மறையும் கணத்தில் முன்பகுதியில் எதிர்பார்த்த எழுச்சியும் கிடைக்கவில்லை. பிரக்ஞையின் நரம்பியல் அடிப்படை 25 ஆண்டுகளுக்குள் தெளிவாகிவிடும் என்று நரம்பியல் ஆய்வாளர் கிறிஸ்டோஃப் காக் 1998-இல் தத்துவவாதி டேவிட் சால்மர்ஸிடம் கட்டிய பந்தயத்தில், 2023 ஜூனில் நியூயார்க்கில் காக் தோல்வியை ஒப்புக்கொண்டு ஒயின் புட்டிகளை அளித்தார்.

முன்பகுதியின் பங்கு ஏன் இவ்வளவு குழப்பமானது என்பதற்கு ஒரு காரணம் தெரிகிறது. இரு கண்களுக்கும் வெவ்வேறு காட்சியைக் காட்டினால் மனம் ஒன்றை விட்டு ஒன்றை மாறி மாறிக் காணும். அப்படி மாறும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னால் முன்மூளை சுறுசுறுப்பாக இயங்குகிறது. பொத்தான் எதுவுமின்றி, விழியசைவு போன்றவற்றை வைத்து மாற்றத்தை அறிந்துகொண்டால் அந்தச் சுறுசுறுப்பின் பெரும்பகுதி மறைந்துவிடுகிறது என்று ஜெர்மானிய ஆய்வொன்று 2014-இல் காட்டியது. காண்பதன் தடயம் என்று நெடுநாள் எண்ணியிருந்ததில் கணிசமான பகுதி, கண்டதைச் சொல்வதன் தடயமாக இருந்திருக்கிறது. மருத்துவமனையில் பதிலின்மையைப் பிரக்ஞையின்மையாகக் கொண்ட அதே பிழை, ஆய்வகத்தில் வேறொரு வடிவில் நிகழ்ந்திருக்கிறது.

கோட்பாடு முடிவாகும்வரை நோயாளிகள் காத்திருக்கத் தேவையில்லை. பார்கின்சன் நோய்க்குத் தரப்படும் அமான்டடின் என்னும் மருந்து, விபத்தில் மூளை காயமுற்ற 184 நோயாளிகளிடம் நான்கு வாரம் சோதிக்கப்பட்டு, மீட்சியை விரைவுபடுத்துவதாக 2012-இல் நிறுவப்பட்டது. 1984-இல் வாகன விபத்தில் சிக்கிய அமெரிக்கர் ஒருவர் 19 ஆண்டுகளுக்குப் பின் 2003-இல் பேசத் தொடங்கினார். அவரது மூளையில் நரம்பிழைகள் மெல்ல மெல்லப் புதிதாக வளர்ந்ததற்கான அடையாளங்களைப் பின்னர் எடுத்த படங்கள் காட்டின. இத்தகைய மீட்சி மிக அரிது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் இதை நம்பிக்கையாக விற்பது கொடுமை. ஆனால் காயம்பட்டு ஓராண்டு கடந்தால் நிலை நிரந்தரமானது என்று எழுதிவைக்கும் பழைய வழக்கத்தை அமெரிக்க நரம்பியல் கழகத்தின் 2018 வழிகாட்டுதல் கைவிட்டு, 'நிரந்தரம்' என்பதற்குப் பதிலாக 'நாட்பட்டது' என்றே குறிக்கச் சொல்கிறது.

இந்தியாவில் இந்தக் கேள்வியை நீதிமன்றம் எதிர்கொண்டது, மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் 42 ஆண்டுகள் படுக்கையில் இருந்து 2015-இல் மறைந்த செவிலியர் ஒருவரின் வழக்கில். உச்ச நீதிமன்றம் அமர்த்திய மூன்று மருத்துவர்கள் அவரை நேரில் சோதித்து அறிக்கை தந்தனர்; அவரைப் பல்லாண்டுகள் பராமரித்த மருத்துவமனை ஊழியர்கள், உணவுக்கும் மனிதர்களுக்கும் அவர் முகத்தால் மறுவினை காட்டுவதாகச் சொல்லி, அவரை மரணிக்கவிடுவதை எதிர்த்தனர். 2011 மார்ச்சில் வந்த தீர்ப்பு அவருக்காக முடிவெடுக்கும் உரிமையை அந்த ஊழியர்களிடமே தந்தது. நாள்தோறும் அருகில் இருப்பவரின் அவதானிப்பை உறவினரின் ஏக்கம் என்று ஒதுக்கிவிடாமல் முறையான சோதனைக்கான தொடக்கமாகக் கொள்ள வேண்டும் என்பதற்கு மருத்துவக் காரணமும் உண்டு: வந்து போகும் குறிகளை, சில நிமிடங்கள் நின்று செல்லும் மருத்துவரைவிட அவர்களே காண நேர்கிறது.

இவற்றுள் நடைமுறைக்கு மிக எளிதாக வரக்கூடியது வலியைப் பற்றியது. நோயாளிக்குப் பிரக்ஞை எந்த அளவில் இருந்தாலும், வலியின் அறிகுறிகளைத் தேடி, வலி இருப்பதாக ஐயப்படக் காரணம் இருந்தால் மருந்து அளிக்க வேண்டும் என்று அதே 2018 வழிகாட்டுதல் கூறுகிறது. அதாவது, படுக்கைப்புண்ணுக்குக் கட்டு மாற்றும்போதும், இறுகிய மூட்டுகளை நீட்டிப் பயிற்சி தரும்போதும், மூச்சுக்குழாயில் சளி உறிஞ்சும்போதும், கண் திறந்தும் பதிலற்றுக் கிடப்பவரிடம் என்ன செய்யப்போகிறோம் என்பதைச் சொல்லிவிட்டு, தேவையான வலி மருந்தைக் கொடுத்த பிறகே அதைச் செய்வது.